டெல்லிக்கு அரைத்த மிளகாய்

நல்லெண்ணெய் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, மாசாணியம்மன் கோயிலுக்குள் பூவாத்தாள் ஓடிவந்தாள்.

களத்தில் கொப்பரை காயப்போட்டுக்கொண்டிருந்தவள், மகன் போனில் சொன்னதும் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டாள். நீதிபதி ஷாஹுலை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்து ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாயிற்றாம்.

வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது அவளுக்கு.

டெல்லியில் பெரிய நீதிபதிகள் கூடி அவர் பெயரைச் சொல்லி மாதக்கணக்காகிறது. கோப்பு மட்டும் எங்கேயோ படுத்துக்கொண்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! இந்த மாதம் தாண்டினால் அவருக்கு அறுபத்திரண்டு முடிகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பூவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. போன அமாவாசைக்கு இங்கே வந்து, மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டாள்.

அநியாயம் செய்தவரை அம்மன் தண்டிக்கட்டும் என்று, அவர் பெயரைச் சொல்லித்தான் பூசுவார்கள். டெல்லியில் அவளுக்கு யாரைத் தெரியும்? கோப்பின் மேல் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள்.

இப்போது அதுதான் வினை. அம்மன் யார் தலையில் அந்த எரிச்சலை இறக்கினாளோ! கையெழுத்துப் போட்ட கைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. வேண்டியது பலித்துவிட்டால் உடனே எண்ணெய் சாத்தி அம்மனைக் குளிர்விக்க வேண்டும்.

மூச்சிரைப்பும் சிரிப்புமாக எல்லாவற்றையும் பூசாரியிடம் கொட்டித் தீர்த்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

“ஏனுங்க, உங்க கேசைச் செயிக்க வெச்ச ஜட்ஜுங்களா?”

“எங்கீங்க! ஊட்டு எடம் எனக்கில்லைன்னு தீர்ப்புச் சொல்லிப்போட்டாருங்க” என்றாள் பூவாத்தாள்.

பூசாரியின் சிரிப்பு அப்படியே நின்றது.

அவள் முகம் மட்டும் மலர்ந்தே இருந்தது. பாட்டிலை அவர் கையில் திணித்தாள்.

“நல்லா ஊத்துங்க சாமி. அத்தனை கோர்ட்டுலயும் ஓரமா நின்னவளுக்கு நாற்காலி போடச் சொல்லி, நான் பேசி முடிக்கற வரைக்கும் கேட்டது அவரு ஒருத்தருதானுங்க.”