விதைதான் வேண்டும்

“காலிஃபிளவரை விதையிலிருந்து வளர்க்கிறது லேசுப்பட்ட வேலை இல்லம்மா. பேசாம நாத்தா வாங்கிட்டுப் போங்க” என்றார் விதைக் கடைக்காரர்.

“இல்லைங்க, விதையே குடுங்க.” வந்த பெண் நாற்றுத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வெயில் கூடினாலும் ஆகாது, தண்ணி கூடினாலும் ஆகாது. ஒரு நாள் கண் அசந்தா புழு மொத்தத்தையும் தின்னுடும்.”

“தினமும் பார்க்கணுமா?”

“காலை, சாயங்காலம் ரெண்டு வேளையும் இலையைத் திருப்பிப் பார்க்கணும். பூ வந்தப்புறம் வெயில் படாம இலையைச் சேர்த்துக் கட்டணும். மூணு மாசம் கைக்குழந்தை மாதிரி.”

அவள் முகம் தெளிந்தது. “அப்ப ரெண்டு பாக்கெட்டாக் குடுங்க.”

கடைக்காரருக்கு எரிச்சல் வந்தது. “இவ்வளவு சொல்லியும் பிடிச்ச பிடியிலேயே நிக்கறீங்களே. வெண்டைக்காய் போடுங்க, அதுபாட்டுக்கு வளரும்.”

“போட்டேங்க. அதுபாட்டுக்குத்தான் வளர்ந்துச்சு.” அவள் குரல் இறங்கியது. “எங்க பையன் தவறிப்போய் அஞ்சு மாசம் ஆச்சு. அவங்க அப்பா கட்டிலை விட்டு எழுந்திருக்கிறதே இல்ல. தான் பார்க்கலைன்னா செத்துப்போயிடும்னு ஒரு உயிர் வீட்ல இருந்தாலாவது எழுந்திருப்பார்னு பார்க்கறேன்.”

கடைக்காரர் புதிதாக வந்த விதையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை கடைத் தொலைபேசி அடித்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன ஓர் ஆண் குரல்.

“காலிஃபிளவர் நாத்து நாலு சாஞ்சு போச்சுங்க. மத்ததைக் காப்பாத்த நான் என்ன பண்ணணும்?”