நிலா பார்க்கக் கூப்பிட்டாள்

கடைசிப் பாயையும் உதறி விரித்துவிட்டு நிமிர்ந்தாள்.

மொட்டை மாடி பார்க்க ஜோராகத்தான் இருந்தது. மேற்குக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி பாய்கள். முன்னால் புளியோதரை, தயிர்சாதம், ஒரு குடம் தண்ணீர். உறையூர் முழுக்க அடித்த வெயிலின் சூடு இப்போதுதான் தரையை விட்டு இறங்கியிருந்தது.

"நிலா பாக்குறதுக்கெல்லாமா ஆள் கூப்புடுவாங்க?" என்று காலையில் மாமியார் கேட்டார்.

கேட்டுக்கொண்டே புளியும் கரைத்தார். அவர் அப்படித்தான்.

அவள் காரணத்தைச் சொல்லவில்லை.

விருந்துக்குக் கூப்பிட்டால் அவளைப் பெற்ற அத்தா வரமாட்டார். நிலா பார்க்கக் கூப்பிட்டால் ஒருவேளை வருவார்.

இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் நின்ற நாளிலிருந்து அத்தா அவளிடம் பேசவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. போனை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். "கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு. வீம்புதான் மிச்சம்" என்பாள் அம்மா.

அம்மா கெட்டிக்காரி. இன்றைக்கு இரண்டு பேரும் வருவதாகச் சொல்லிவிட்டு, கிளம்பும் நேரத்தில் தலைவலி என்று படுத்துவிட்டாள்.

அத்தா தனியாக வந்தார்.

மாலை மஃரிப் தொழுகை முடித்து, பள்ளிவாசலிலிருந்து நேரே. தொப்பி சட்டைப் பையில் இருந்தது.

"நின்னு பாத்துட்டுப் போயிர்றேன்."

மருமகனிடம் சொன்னார். மகளிடம் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் மேற்குச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

வந்துவிட்டார்! அவளுக்கு மாடியைச் சுற்றி ஓட வேண்டும்போல் இருந்தது. அடுத்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு இப்படியே ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனால், இனி வரவே மாட்டார். வீம்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அவர் பெண்தானே.

"இப்ப வந்துரும்" என்றாள் எல்லோரிடமும்.

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மேற்கே வானம் செக்கச் செவேல் என்று கிடந்தது. அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். கீழ்வீட்டு அரங்கநாதன் சாரும் பார்த்தார். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியும் பார்த்தார். மாமியாரின் பிள்ளை, அவள் புருஷன், இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்து பார்த்தான். அத்தா புருவத்துக்கு மேல் கையை வைத்து, சுவரில் சாய்ந்து, எட்டி எட்டிப் பார்த்தார்.

சிவப்பு மங்கியது.

ஒன்றும் வரவில்லை.

"வரும் வரும்" என்றார் அரங்கநாதன் சார், புளியோதரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் மாமியார் வடகம் பொரித்து எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஐயய்யே! என்னடி கூத்து இது? எல்லாரும் அந்தப் பக்கம் என்னத்தப் பாக்குறீங்க? நிலா இங்கல்ல நிக்குது!"

எல்லோரும் திரும்பினார்கள்.

கிழக்கே, மலைக்கோட்டைக்கு வலப்புறம், தென்னை மரத்துக்கு மேலே, சித்திரை நிலா. எப்போது வந்ததோ. முழுசாக, மஞ்சளாக, நன்றாக ஏறி உட்கார்ந்திருந்தது.

மாடியே சிரித்தது. மாமியார் வடகத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றார் அரங்கநாதன் சார். "அப்ப சொல்றதுக்கென்ன, வாத்தியாரே!" என்று அவர் மனைவி இடித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அவள் புருஷன். வலது இடதே தகராறு அவனுக்கு. அவன் சிரிக்கிறான்!

வேறு நாளாக இருந்தால் அவளும் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அத்தா பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்கப்பட்டுப் போன வீட்டில் தன் பெண்ணை நடுவில் நிறுத்திவைத்துச் சிரிக்கிறார்கள். அவர் கண்ணுக்கு அது அப்படித்தானே தெரியும்? அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

அத்தா சுவரை விட்டு நகர்ந்தார். செருப்புச் சத்தம் கேட்டுச் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"புள்ள மேல தப்பில்லிங்க" என்றார்.

மாமியாரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நோம்புக்கு, பெருநாளைக்குன்னு பிறை பாக்கப் பழக்குனது நாந்தான். தோள்ல தூக்கி வச்சு மேக்கதான் காட்டுவேன். நிலாவுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறதுன்னா மேக்கன்னுதான் அதுக்குத் தெரியும்."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானும் இவ்வளவு நேரம் அங்கதான பாத்துக்கிட்டு நின்னேன்."

மாமியாருக்குச் சிரிப்பு மறுபடியும் பீறிட்டு வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப தப்பு உங்க மேலதான் சம்பந்தி! தப்புப் பண்ணவுங்க சாப்புடாமப் போகக் கூடாது. எங்க வீட்டு வழக்கம்."

அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. அப்போதுதான் உண்டாக்கினார்.

சம்பந்தி என்று அத்தாவை யாரும் கூப்பிட்டதும் கிடையாது.

அத்தா நிலாவைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் குனிந்து, ஒரு செருப்பைக் கழற்றினார். பிறகு இன்னொன்றை.

அவள் மூச்சு விட்டாள்.

அரங்கநாதன் சார் தானே முன்வந்து புளியோதரையைத் தூக்கிக்கொண்டார். புருஷன் குடத்தை எடுத்தான். பாய்களைத் திருப்பிப் போட வேண்டும்.

பெரிய பாயின் ஒரு முனையை அத்தா பிடித்துத் தூக்கினார். மறுமுனை தரையில் கிடந்தது. அவர் காத்திருந்தார்.

"என்னம்மா பாத்துக்கிட்டே நிக்கிறே? அந்தப் பக்கம் புடி."

அவளிடம்தான்.

குனிந்தாள். அவ்வளவு வெளிச்சமாக நிலா அடித்தும், பாயின் ஓரம் அவள் கண்ணுக்கு அகப்படவேயில்லை.