தோல்வி கேட்ட சபாநாயகர்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் பொய்ப்பல் கழன்று விழட்டும்.

இரு தரப்புக் கூச்சலுக்கும் நடுவே இருபது வருஷம் உட்கார்ந்த சபாநாயகருக்குப் பதவி புளித்துவிட்டது. கட்சியோ விடவில்லை. ஆகவே ஓட்டுக் கேட்கப் போன வீடெல்லாம், "இந்தத் தடவை எனக்குப் போடாதீங்கம்மா. என்னைக் காப்பாத்துங்க" என்று கும்பிட்டார்.

இப்படியும் ஒரு தன்னடக்கமா என்று ஜனங்கள் உருகி, முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயிக்கவைத்தார்கள்.

"மறுபடி மாட்டிக்கிட்டேனே," என்று மனைவியிடம் மாலையைக் கழற்றிக் கொடுத்தார். "வீட்டோட இருந்து உன் சமையல்கட்டைச் சட்டதிட்டமா நடத்திக் காட்டலாம்னு இருந்தேன்."

"தலையெழுத்துங்க. பெட்டி கட்டியாச்சு, சபைக்குக் கிளம்புங்க."

அவர் கும்பிட்டு நகர்ந்த வீட்டுக்கெல்லாம் பின்னாலேயே போய், "எப்படியாவது இவரை ஜெயிக்கவச்சிடுங்க" என்று காலில் விழுந்தது அந்த அம்மாள்தான்.