அறுபது அடித் தூரம்

உலகத்தில் குறி தவறாத வலது கைகள் நாலோ ஐந்தோதான் இருக்கும். அவற்றில் ஒன்று தங்கச்சிமடத்தில் இருந்தது. 1998 ஆவணியில் அது கருவாட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

கைக்குச் சொந்தக்காரர் இன்னாசி. கப்பல் சமையல்காரராக இங்கிலாந்து போனவர். அங்கே சாராயக் கடைச் சுவரில் வட்டப் பலகையை மாட்டி அம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தில் இறங்கி, பன்னிரண்டு வருடம் அதையே தொழிலாகச் செய்தார். ஓய்வு பெற்று ஊர் திரும்பி ஆறு வருடம். ஊருக்கு அவர் ‘சாம்பியன்’.

பள்ளிக்கூடத்தில் புது மேடை திறப்பு. அழைப்பிதழில் ஒன்றியச் சேர்மன் செல்லச்சாமியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ‘உலகப் புகழ் இன்னாசி அம்பு எறிந்து காட்டுவார்’ என்பது எறும்பு எழுத்தில்.

“எம்பேரை எறும்பாக்கிட்டு அந்த ஆளு மேடை ஏறிருவாராக்கும்?” என்று டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டார் இன்னாசி.

விழா அன்று சேர்மனின் ஜீப் அதே டீக்கடை ஓரம் நின்றது. சேர்மனும் டிரைவரும் வடை தின்று திரும்புவதற்குள் கடல் பக்கத்து டயர் இரண்டிலும் காற்று இல்லை. இரண்டு வால்வு ஓட்டையிலும் தலா ஒரு வெள்ளி அம்பு. அறுபது அடி தள்ளி இன்னாசியின் மொட்டை மாடி.

சேர்மன் கோபத்தோடு பஸ் ஏறித் திரும்பிப் போனார். விழா ரத்து.

“அறுபது அடியிலருந்து வால்வு ஓட்டையிலயா எறிஞ்சீரு?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் குருநாதன்.

“அறுபத்திரண்டு. எதிர்க்காத்து வேற.”

ஸ்டேஷன் வாசலில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

“ஒத்துக்கிட்டா கேஸாயிரும், தெரியும்ல?”

“எழுதிக்கிருங்க சார். ரெண்டுமே மொத எறியில விழுந்துச்சுன்னு சேத்து எழுதுங்க.”

குருநாதனுக்கே ஆசை வந்துவிட்டது. சுவர்க் காலண்டரைத் திருப்பி மாட்டி, நடுவில் பேனாவால் புள்ளி வைத்து, பிடிபட்ட அம்பில் ஒன்றை நீட்டினார். “இங்கன ஒரே ஒரு எறி. கண்ணால பாத்துட்டாப் போதும். கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம், வீட்டுக்குப் போயிரலாம்.”

இன்னாசி அம்பைத் தொடவில்லை. “ஸ்டேஷன் காலண்டர்ல எறியவா சீமையில பேர் வாங்குனேன்? உள்ள வைங்க.”

லாக்கப்புக்குத் தாமே நடந்தார். “ரோசக்காரருடா!” என்றது கூட்டம்.

சோறு கொண்டுவந்த மனைவி மிக்கேலம்மாள் கம்பி வழியாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “வேட்டியெல்லாம் மண்ணு. மாடியில ஏது மண்ணு? ஜீப்புக்குப் பின்னால குத்தவச்சு, கையாலயா சொருகுனீக?”

“மெதுவாப் பேசுடி.”

“பேரைச் சின்னதாப் போட்டதுக்கா இம்புட்டும்?”

“அது கெடக்கு. சேர்மன் வந்துருந்தா நான் மேடையில எறிய வேண்டி வந்துருக்குமே.”

ஏழு வருடமாக, எறியக் கை ஓங்கினால் அம்பு இன்னாசியின் விரல்களை விட்டுக் கிளம்புவதே இல்லை.