துணைக்குக் கொடுத்த ரத்தம்

"இன்னொரு தரம் அவன் பக்கம் பாட்டிலை நீட்டினே, உன் கிரேன்லயே உன்னைத் தொங்க விட்டுடுவேன்."

அண்ணன் சொன்ன வேகத்தில் கிரேன்காரன் கையை இழுத்துக்கொண்டான். இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை முடிந்து, ஆட்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். தம்பி தள்ளி நின்று முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மடக்குல என்னண்ணே ஆயிடப் போகுது?" என்றான் கிரேன்காரன்.

"ஈரல் போயிடும். அவனுக்கு இருக்கிறது பரம்பரை நோய்டா. திங்கிற சோத்துல இருக்கிற இரும்பை உடம்பு அளவில்லாம இழுத்து ஈரல்ல சேர்த்து வச்சுக்குது. அதுமேல சாராயத்தையும் ஊத்தினா ஈரல் சீக்கிரமே கல்லாயிடும். எங்கப்பா அப்படித்தான் போனாரு. குடிச்சே செத்தான்னாங்க. உன்னைவிடக் கம்மியாத்தான் குடிச்சாரு."

"அவ்வளவு இரும்புன்னா, என் கிரேன் காந்தத்துல ஒட்டிக்குவானா?"

அண்ணன் முறைத்த முறைப்பில் சிரிக்க வந்தவர்கள் இருமினார்கள்.

"சரி, அவன் வேணாம். நீ போடுண்ணே."

அண்ணனின் தொண்டை தானாக ஏறி இறங்கியது. "நான் போட்டா அவனும் போடுவான்" என்று எழுந்து நடந்தார்.

சில மாதங்களுக்கு முன் மூட்டு வலி என்று இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். முடிவு கேட்கத் தம்பி மட்டும் போனான். உருகுகிற இரும்பைப் பாதியில் விட்டுப் போக அண்ணனால் முடியாது. தம்பி திரும்பி வந்து, தனக்கு இந்த நோய் இருப்பதாகச் சொல்லி அழுதான். அன்றோடு அண்ணன் குடியை விட்டார். அண்ணி பட்டினி கிடந்தும், மாமனார் காலில் விழுந்தும் நடக்காத காரியம் அது.

இந்த நோய்க்கு வைத்தியம், ரத்தத்தை எடுத்துக் கொட்டுவது. ரத்தத்தோடு இரும்பும் போகும். ஆனால் தம்பிக்கு ஊசியைக் கண்டால் கால் நடுங்கும்.

பட்டறையில் அந்தப் பேச்சு நடந்த மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டில் முன்னால் அதே நடுக்கம்.

"படுடா."

"பயமா இருக்குண்ணே. நீ முதல்ல படேன்."

"கழுதை வயசாச்சு. கொதிக்கிற இரும்பை ஊத்துவே, ஊசிக்குப் பயமா?" திட்டிக்கொண்டே அண்ணன் எப்போதும்போல் சட்டைக் கையை மடித்துப் படுத்தார். "எனக்கு எடுங்க சிஸ்டர். பார்த்தாவது இவனுக்குத் தைரியம் வரட்டும்."

பை நிறைந்தது. அண்ணன் எழுந்தார்.

"நல்ல ரத்தம் சிஸ்டர். கொட்டிடாதீங்க, யாருக்காவது ஏத்துங்க."

"சரிங்க" என்றாள் நர்ஸ், முகம் மாறாமல்.

"பாத்தியாடா, எறும்பு கடிச்ச மாதிரிதான். ஒழுங்காப் படு. நான் வெளியே இருக்கேன்."

நர்ஸ் திரையை இழுத்துவிட்டாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினான்.

"வலிக்குதாடா?" என்றது வெளியிலிருந்து குரல்.

"லேசாண்ணே!"

நர்ஸ் ஊசியைத் தொடவேயில்லை. அவன் கையில் ஒரு பிளாஸ்திரியை மட்டும் ஒட்டிவிட்டுக் கிசுகிசுத்தாள். "உங்க அண்ணனுக்கு இரும்பு நல்லாக் குறைஞ்சிருக்கு. நோய் அவருக்குத்தான்னு எப்போ சொல்லப் போறீங்கன்னு டாக்டர் கேக்கறாரு."

"அவருக்குன்னு சொன்னா, சாயங்காலமே பாட்டிலைத் திறந்துடுவாரு சிஸ்டர்."