மறுபடியும் இருபத்திரண்டு

மரணத்தை வென்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள்; இன்னொருவர், பத்திரிகைகளில் வரும் இரங்கல் விளம்பரங்களுக்குக் கவிதை எழுதித் தரும் கவிஞர். சொன்னவர் கவிஞரேதான்.

"செத்தவங்களை நான் கிழவனா அனுப்பறதே இல்ல சார். இளமையைத் திருப்பிக் குடுத்துத்தான் அனுப்புவேன். எழுதினா எழுதினதுதான், ஒரு எழுத்தை மாத்த மாட்டேன். வீட்டுக்காரங்க சொல்ற அளவுக்கு வெட்டித் தைக்க நான் என்ன தையல்காரனா?"

இறந்தவரின் மகன் பயபக்தியோடு தலையாட்டினான். மாலைக்குள் கவிதை அச்சுக்குப் போயாக வேண்டும். அம்மா சரி என்று சொன்னால் போதும். அவர் கணவரின் மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

கவிஞர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"வழுக்கையில் மீண்டும் வனம் முளைக்க,
பொய்ப்பல் உதிர்ந்து முத்துப்பல் சிரிக்க,
முட்டிவலி மறந்த மான் ஒன்று
விண்ணில் துள்ளுதே, வயது இருபத்திரண்டே!"

அம்மாவின் உதடு துடித்தது. மகன் கைக்குட்டையை எடுத்தான். பாராட்டுக்கு இடம் விட்டுக் கவிஞர் கொஞ்சம் நிறுத்தினார்.

"முடி வேண்டாம் தம்பி," என்றார் அம்மா. "வழுக்கையே இருக்கட்டும்."

"அம்மா, அது கற்பனை..." என்றார் கவிஞர்.

"பல் செட்டையும் திருப்பிக் குடுத்துடுங்க. அப்புறம் அந்த மான், துள்ளல் எல்லாம் எடுத்துடுங்க. முட்டிவலி இருக்கணும்."

கவிஞருக்கு ரத்தம் கொதித்தது. "போய்ச் சேர்ந்தவர் மேல இவ்வளவு வன்மமா? காலமெல்லாம் குடும்பம் நடத்தின மனுஷன், மேலயாவது நல்லா இருக்கட்டுமேம்மா!"

"நல்லா இருக்கட்டும். நான் வர்ற வரைக்கும் உட்கார்ந்த இடத்துலயே நல்லா இருக்கட்டும்."

மகன் நெளிந்தான். "அப்பா பாவம்மா..."

"நீ சும்மா இருடா. இருபத்திரண்டு வயசுல உங்கப்பா சைக்கிள்ல யார் பின்னாடி சுத்தினாருன்னு உனக்கென்ன தெரியும்?" அம்மா கண்ணாடியை மெல்ல மடக்கினார். "அவ போன மாசம்தான் செத்துப்போனா."

அம்மா கவிஞர் பக்கம் திரும்பினார்.

"அவளுக்கும் நீங்கதான் எழுதினீங்க தம்பி. பேப்பர்ல பார்த்தேன். பதினெட்டு வயசு குடுத்திருந்தீங்க."

கவிஞர் சத்தமில்லாமல் பேனா மூடியைக் கழற்றினார். மானை அடித்தார்.

"வலி... எந்த முட்டியிலம்மா?"

"ரெண்டுலயும்."