நின்றபடி ஒரு விருந்து

"இதைத்தான் அப்பாவோட எழுபத்தஞ்சாவது பிறந்தநாளுக்குப் போடப்போறியா?"

சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள் ஹெய்டி. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

அவள் தம்பி மனைவி டானா, நிமிராமல் வேலையைப் பார்த்தாள். பாதியாக வெட்டிய அவித்த முட்டைகள். மஞ்சள் கருவைக் கடுகு விழுதோடு பிசைந்து, மறுபடி அதே குழியில் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. அந்த மிளகாய்த்தூளைக் கொஞ்சம் எடுங்க, மேலே தூவணும்."

ஹெய்டி தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். மாவு சுற்றிச் சுட்ட குட்டிக் குட்டி இறைச்சி சாசேஜ். வெள்ளரி வில்லை மேல் புகையில் வாட்டிய ஏரி மீன். சீஸ் தடவிய பன்றியிறைச்சி ஹாமில் ஊறுகாய் வெள்ளரியைச் சுருட்டி, வட்ட வட்டமாக நறுக்கியது. எல்லாவற்றின் தலையிலும் ஒரு பல்குச்சி.

"எல்லாம் ஒரு வாய் சமாச்சாரம். சாப்பாடு எங்கே?"

"இதாங்க்கா சாப்பாடு."

"விளையாடறியா? இறைச்சி ரோஸ்ட்டும் உருளைக்கிழங்கு மசியலும் நான் செஞ்சு எடுத்துட்டு வரேன்னு சொன்னேனே. வேண்டாம்னுட்டே."

"இது சுலபம்க்கா. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"சுலபம்! உனக்கு அதுதானே முக்கியம்."

கூடத்துக்குப் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"சாப்பாட்டு மேசை எங்கே?"

"கராஜ்ல."

"நாற்காலிங்க?"

"அதுவும் அங்கதான்."

"அப்போ இருபது பேரும் குதிரை மாதிரி நின்னுக்கிட்டே திங்கணுமா?"

"கால் வலிச்சா சோபா இருக்குக்கா. இந்தத் தட்டை ஜன்னல்கிட்ட வெச்சிடறீங்களா?"

ஹெய்டி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா கர்ட், நீயாவது சொல்லக்கூடாதா?"

"மேசையைத் தூக்கினதுல என் இடுப்பே போச்சு. ஏன்னு கேட்டேன். அப்புறம் சொல்றேன்னா. அதோட நான் வாயைத் திறக்கலை" என்றான் கர்ட்.

ஹெய்டியின் குரல் தாழ்ந்தது. "அம்மா போன இந்த எட்டு மாசத்துல மூணு விருந்து வெச்சேன், என் வீட்டுல. மூணு தடவையும் அப்பா பாதியிலயே வயிறு சரியில்லைன்னு எழுந்து போயிட்டார். ராத்திரியெல்லாம் அழுதேன்டா. இந்தக் குச்சித் தீனிக்கா இருக்கப்போறார்? பத்து நிமிஷம். பாரு."

நான்கு மணிக்கு அப்பா லெராய் வந்தார். அவருக்குப் பின்னாலேயே, ஏரியிலிருந்து மேடேறி மூடுபனியும் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல்கள் எல்லாம் வெளுத்துப்போயின. தெரு இல்லை, எதிர்வீடு இல்லை. கீழே துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாகக் கூப்பிட்டது. கூடத்தில் விளக்குகள் மஞ்சளாகக் கசிய, மனிதர்கள் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு அவசரமே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தார்கள்.

லெராயும் மிதந்தார்.

ஒரு முட்டையை எடுத்துக் கண்ணை மூடி வாயில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் மீன் கதை. அங்கிருந்து ஜன்னல். அங்கே ஒரு சாசேஜ். பல்குச்சியைத் தூண்டிலாக்கி, தப்பிப்போன மீனின் நீளத்தைக் காட்டினார்.

"அவ்ளோ பெரிய மீனா? போன வருஷம் இதுல பாதிதான் இருந்துச்சு!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"தப்பிச்சதுக்கப்புறம் வளர்ந்திருக்கும்ல!"

லெராய் சிரித்தார். ஹெய்டி திரும்பிப் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் கேட்காத சிரிப்பு.

ஐந்து மணி. ஆறு மணி. அப்பா கிளம்பவில்லை.

"கால் வலிக்கலையாப்பா? ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் கண்ணு. வெளியே பாரேன், இந்தப் பனியில வீடே கப்பல் மாதிரி நகருது. கப்பல்ல யாராவது உட்காருவாங்களா?"

இன்னொரு முட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஹெய்டி காலித் தட்டோடு சமையலறைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என் சமையல்ல என்ன குறை டானா? மறைக்காம சொல்லு."

"ஒரு குறையும் இல்லக்கா. ஈஸ்டர் விருந்து அன்னிக்கு மாமாவை நான்தானே கார்ல கொண்டுபோய் விட்டேன்? நீங்க கட்டிக் கொடுத்த ரோஸ்ட்டை வழியிலேயே பிரிச்சு, ஒரு துண்டு விடாம சாப்பிட்டார்."

"அப்போ வயிறு?"

"வயிறு நல்லாத்தான் இருந்துச்சு."

"பின்னே ஏன் எழுந்து போறார்?"

டானா கையைத் துடைத்துக்கொண்டாள். கூடத்திலிருந்து மறுபடி அந்தச் சிரிப்பு கேட்டது. அது அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்:

"மரியாதைக்காக மேசையில அத்தையோட நாற்காலியைக் காலியா விட்டு வைக்கறீங்க இல்லையாக்கா... அது அவர் பக்கத்துலதானே இருக்கு?"